ஒரு காமாலை, ஐந்து வைரஸ்கள்: காவிரிப் படுகையில் நின்று பார்க்கும் இணைத்தொற்றின் வரலாறு

தஞ்சைப் பக்கம் குறுவை வயல் வரப்பில் நடந்தால் கீழாநெல்லி காலில் படாமல் இருக்காது. இலைக்காம்பின் அடிப்பக்கம் வரிசையாகக் காய் தொங்குவதால் வந்த பெயர். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அதை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பைக் குறைத்துப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கண் வெளுக்கும். நோய் போயிற்று என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள்.

தண்ணீர் வழியே பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுபவை. அந்த ஆறுதலின் பெருமை செடிக்குப் போய்ச் சேர்ந்தது. இரத்தத்தில் தங்கிவிடும் பி, சி வகைகளிலோ மஞ்சள் மறைந்த பிறகும், சிலருக்கு மஞ்சளே தோன்றாமலும், கல்லீரல் உள்ளே தழும்பேறிக்கொண்டே போகும். நிறத்தை வைத்து நோய்க்குப் பெயரிட்ட ஒரு பண்பாட்டில், நிறம் காட்டாத நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகத் தொற்று ஏறலாம் என்ற எண்ணம் பிறக்க வழியே இல்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

இதனால் மரபு மருத்துவம் எதையும் பிரித்தறியவில்லை என்று சொல்லிவிட முடியாது. நாள்பட்டு வீக்கம் கண்ட காமாலையைக் கும்ப காமாலை என்று தனியே குறித்தார்கள். வயிற்றில் நீர் கோத்த நிலைக்கு மகோதரம் என்று பெயர் வைத்தார்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகாலில் திரண்ட மருத்துவ அறிவை, 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாகச் சரசுவதி மகால் நூலகம் பின்னாளில் அச்சிட்டது. காமாலை முற்றினால் மகோதரத்தில் கொண்டுபோய் விடும் என்பதைப் பழைய வைத்தியர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அவர்கள் வகுத்தவை நோயின் கட்டங்கள். காரணங்களை வகுக்க அவர்களிடம் கருவி இல்லை.

அந்தப் பிரிப்பு நடக்க இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது. 1947-இல் பிரிட்டனின் மாக்கல்லம் ஏ, பி என்ற எழுத்துகளைத் தந்தார். 1960-களில் பரூக் பிளம்பர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் குருதியில் கண்டெடுத்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்', பி வைரஸின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றார். 1973-இல் ஏ வைரஸ் நுண்ணோக்கியில் தென்பட்டது. இரண்டும் இல்லாத காமாலையும் உண்டு என்று தெரிந்தபோது, அதற்கு 'ஏ அல்லாத, பி அல்லாத' என்று பெயரிட்டார்கள். 1989-இல் அதிலிருந்து சி வெளிப்பட்டது. இ-யின் கதையில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு: யமுனை நீர் மாசுபட்டு 1955–56 குளிர்காலத்தில் தில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அப்போது சேமித்த குருதிநீரைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்த பிறகே, அது ஏ அல்ல, வேறொன்று என்று உறுதியானது.

இந்த வரலாற்றில் நம் வரப்புச் செடி நுழையும் இடம் சென்னை. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜனும் உடனிருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்திலேயே கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் பி வைரஸின் மேலுறை ஆன்டிஜெனோடு சேர்த்துச் சோதனைக் குழாயில் ஆராய்ந்தார்கள். பிலடெல்பியாவில் பிளம்பர்க்கின் குழுவில் இருந்த வெங்கடேஸ்வரன் அதே செடியின் சாற்றை, பி போன்ற வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்கில் சோதித்தார். அந்த ஆய்வு 1987-இல் வந்தது. 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் தியாகராஜனும் பிளம்பர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. பி வைரஸைத் தாங்கி நடமாடியவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்தார்கள். மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் மேலுறை ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 59 விழுக்காட்டுக்கு எதிராக 4 விழுக்காடு! பாட்டி வைத்தியம் உலகின் முதல்தர இதழில் ஏறியதைத் தமிழ்நாடு கொண்டாடியது நியாயமே.

பிறகு தாய்லாந்தில் அதே செடியைக் கொண்டு செய்த சோதனையில் அந்தப் பயன் தென்படவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வு 2011-இல், வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்று நம்பும்படியான சான்று இல்லை என்றது. செடி விளைந்த மண், பறித்த பருவம், இனம் பற்றியெல்லாம் விவாதம் நடந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது நாட்காட்டி. லான்செட் கட்டுரை 1988 அக்டோபர். சி வைரஸைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1989 ஏப்ரல். ஆகவே அந்தச் சோதனையில் பங்கெடுத்த யாரிடமும் சி இருந்ததா என்று பார்க்க அன்று வழியே இல்லை. ஒரே உடலில் இரு வைரஸ்கள் தங்கும் இணைத்தொற்றில் அவை ஒன்றையொன்று அடக்கும். சி ஓங்கினால் பி பெரும்பாலும் தணிந்து கிடக்கும். பி-யின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு நோய் இறங்குவதுபோலத் தோன்றும், கல்லீரலோ இரு பக்கமும் அடி வாங்கும். கீழாநெல்லி முடிவுகளை இது விளக்கிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஒரு வைரஸை மட்டும் எண்ணிய காலத்தின் அளவுகோலை இன்று எப்படி வாசிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

பி-யை அடக்கும் இன்னொரு கூட்டாளியின் பெயர் நம் மண்ணுக்குப் பழக்கமானது: டெல்டா. 1977-இல் இத்தாலியின் தூரினில் மரியோ ரிசெட்டோ, பி நோயாளிகளின் கல்லீரல் செல்களில் புதிய ஆன்டிஜென் ஒன்றைக் கண்டு கிரேக்க எழுத்தின் பெயரை இட்டார். ஆறு கடலைச் சேரும் முக்கோண நிலத்துக்கும் அதே எழுத்து வடிவால்தான் அந்தப் பெயர். இந்த டெல்டாவே டி வைரஸ். அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 1,700 எழுத்துகள்தான். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியது. தனக்கென மேலுறை செய்யத் தெரியாததால் பி-யின் உறையைக் கடன் வாங்கிக்கொள்ளும். பி இல்லாத உடலில் டி பரவ முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் நுழைந்தால் கடுமையான காமாலை வந்தாலும் பெரும்பாலோர் இரண்டையும் விரட்டிவிடுவார்கள். ஏற்கெனவே பி குடியிருக்கும் உடலில் டி ஏறினால் பெரும்பாலும் நிலையாகத் தங்கி, கல்லீரல் முற்றத் தழும்பேறும் சிரோசிஸை ஆண்டுக்கணக்கில் முன்னே இழுத்து வரும்.

2000-களில் சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்களும் தியாகராஜனும் தென்னிந்தியாவின் நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளிடம் பி, சி, டி மூன்றையும் சேர்த்துத் தேடினார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்துவந்த நிறுவனத்திலிருந்து இந்தக் கேள்வி எழுந்தது தற்செயல் அல்ல. ஊசியும் இரத்தமும் உடலுறவும் இந்த வைரஸ்களுக்குப் பொதுவான பாதைகள். ஒன்றைத் தேடப்போனால் மற்றது எதிரே வரும். அந்தப் பாதை எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2000-களின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் நடந்த கள ஆய்வு, போடப்பட்ட ஊசிகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு பாதுகாப்பற்றவை என்றது. காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பிய கிராமங்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

இனி தண்ணீருக்கு வருவோம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் நிறையும். அவற்றின் வாய்க்கால்களில்தான் குளியல், துணி, மாடு எல்லாம். நல்ல கல்லீரல் தண்ணீர் வழியே வரும் இ வைரஸைத் தாங்கிக்கொள்ளும். சிரோசிஸ் கண்ட கல்லீரலால் முடியாது. 1998-இல் இத்தாலிய ஆய்வொன்றில் நாள்பட்ட சி நோயாளிகள் 17 பேருக்கு ஏ மேல்தொற்றாக வந்தது. 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 6 பேர் இறந்தார்கள். நம் ஊரில் அந்தக் காலப் பெரியவர்கள் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே ஏ வந்து எதிர்ப்பு கிடைத்திருந்ததால், இங்கே அந்த இடத்தை இ பிடித்தது. தில்லி எய்ம்ஸ் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 107 சிரோசிஸ் நோயாளிகளில் 30 பேரிடம் இ வைரஸ் இருந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். இ இல்லாத நோயாளிகளில் 30 விழுக்காட்டினர். சாராயத்தால் கல்லீரல் கெட்டவர் வாய்க்கால் நீரால் திடீரெனச் சாயும்போது, சாராயம்தான் கொன்றது என்று ஊர் சொல்லிவிடுகிறது. அந்தச் சாவில் தண்ணீரின் பங்கு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

மருந்து வந்த பிறகும் இணைத்தொற்று தன் குணத்தைக் காட்டியது. சி-க்கான சோபோஸ்புவிர் 2015-இல் இந்தியாவில் மலிவு விலையில் கிடைத்ததும், சி மூன்று மாத மாத்திரையில் தீரும் நோயாயிற்று. 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை ஒன்றை விடுத்தது: சி-யை விரட்டியதும் அதுவரை அடங்கிக் கிடந்த பி கிளர்ந்தெழுந்து சிலரின் கல்லீரலை அழித்துவிட்டது. ஆகவே சி மாத்திரையைத் தொடங்கும் முன் பி-யைச் சோதிப்பது விதியானது. வைரஸ்கள் ஒன்றையொன்று அடக்கும் என்ற ஆய்வுக்கூட அறிவு, மருந்துச் சீட்டில் ஒரு வரியாக மாற இத்தனை ஆண்டுகள் ஆயின.

பி தடுப்பூசி நம் ஊர்க் குழந்தைகளுக்கு வந்த வழியும் நீண்டது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே அதைத் தயாரித்து விலையைக் குறைத்தது. 2007–08-இல் அரசுத் திட்டம் விரிவான பத்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2011 டிசம்பரில் பி-யும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். பி-யைத் தடுத்தால் டி-யும் தானே தடைபடும் என்பதால் இது ஓர் ஊசியில் இரண்டு காவல். பிளம்பர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28-இல், 2018-ஆம் ஆண்டு, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, பி-க்கும் சி-க்கும் இலவசச் சிகிச்சை வந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம், பி உறுதியான ஒவ்வொருவரின் குருதியிலும் டி எதிர்ப்பொருளை உடனே தேடுவதே விரும்பத்தக்க வழி என்று பரிந்துரைத்தது.

பி தடுப்பூசிக்கு முன் பிறந்தவர்கள் இன்று நாற்று நடுகிறார்கள், டிராக்டர் ஓட்டுகிறார்கள், மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பி தாங்கியவர் பலரின் சட்டைப் பையில் பழைய சோதனைச் சீட்டு ஒன்று மடித்துக் கிடக்கும். பி உண்டு என்று ஒரு வரி அதில் இருக்கும். சி, டி, எச்.ஐ.வி. என்ற மூன்று வரிகளும் அதே சீட்டில், அதே நாளில், எழுதப்பட்டிருக்க வேண்டும்.