மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் கொள்ளைநோய்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் கடலுக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. கடற்பக்கம் எழுவான்கரை: மணல்மேடும் மீன்பிடியும் நெருக்கமான ஊர்களும். மேற்கே படுவான்கரை: வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும். முகத்துவாரம் திறந்தால் வாவிக்குள் உப்பு ஏறும். மாரி வெள்ளம் இறங்கினால் நன்னீராகும். இங்கு பரவிய நோய்களில் பெரும்பாலானவை இந்த நீரோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்டவை.

ஓர் இடத்தில், ஒரு காலத்தில், வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட மிகுதியானோரை ஒரு நோய் பிடிப்பதையே நோய்ப்பரவலியல் கொள்ளைநோய் என்கிறது. வழக்கம் எவ்வளவு என்று சொல்ல முதலில் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாத நோய் ஊரையே வாட்டினாலும் ஏட்டில் ஏறாது. இப்பிரதேசத்தின் நோய் வரலாற்றை வாசிப்பவர் இதை மறக்கக்கூடாது.

பழைய நோய்களில் அதிகம் அஞ்சப்பட்டது அம்மை. அதற்குத் தடுப்பு மருந்தான ஜென்னரின் அம்மைப்பால் 1802இல் இலங்கைக்கு வந்தது. தோமஸ் கிறிஸ்ரி என்ற மருத்துவ அதிகாரி அதைத் தீவெங்கும் பரப்பினார். மட்டக்களப்பு ஊர்களிலோ அம்மை கண்ணகி அம்மனின் வெம்மை. வைகாசிச் சடங்கின் முடிவில் நடக்கும் திருக்குளிர்த்தி, அம்மனையும் ஊரையும் குளிர்விப்பதற்கானது. மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டு நடத்தும் வழக்கமும் இருந்தது. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய நிர்வாகிகள், மக்கள் எந்த நோயை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கான நல்ல சான்றொன்றையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டனர். 1817இல் வங்காளத்தில் தொடங்கிய வாந்திபேதி ஓரிரு ஆண்டுகளில் இலங்கையை எட்டியது. நோயுற்றோரை அறிவிப்பதும் தனிமைப்படுத்துவதும் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால் கடமையாகின. வாவியின் நடுவே மாந்தீவில் 1920களில் இயங்கத் தொடங்கிய தொழுநோய் வைத்தியசாலையும் அந்தக் காலத்துச் சிந்தனையின் விளைவுதான். தொழுநோய் மிக மெதுவாகத் தொற்றுவது. அதற்கு ஒரு தீவு தேவைப்பட்டதற்கு மருத்துவத்தைவிட அச்சமே பெரிய காரணம்.

மலேரியாவின் கதை வேறு. 1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பெருஞ்சேதம் கேகாலை, குருநாகல் பக்கம். மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப்படுகைக் குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு பெருகியது. நோயை அறியாத உடல்களில் கிருமி தடையின்றிப் பரவியது. கிழக்கு உள்ளிட்ட உலர்வலயத்தில் அந்த அளவு சாவு இல்லை. அங்கே நோய் எப்போதும் இருந்ததே காரணம். பிள்ளைப் பருவத்திலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருந்தது. வீங்கிய மண்ணீரல் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்தே அக்கால மருத்துவர்கள் ஓரிடத்து மலேரியாவின் கடுமையை மதிப்பிட்டனர். ஆண்டுதோறும் காய்ச்சலில் பிள்ளைகளை இழந்த ஊர்களைப் பொறுத்தவரை, கேகாலையின் கொள்ளைநோய் தங்கள் அன்றாடமே.

1945க்குப் பிறகு வீட்டுச் சுவர்களில் டீடீரீ என்ற பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. வெற்றியை அறிவிக்கும் அவசரம் பொதுச் சுகாதாரத்தில் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இலங்கையில் இல்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டில் இல்லை. அக்காலப் புள்ளிவிவரங்களில் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவர்களே இருக்கிறார்கள் என்பதால் அவற்றைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும். ஆயினும் போருக்குள்ளேயே நோய் இறங்கத் தொடங்கியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வழக்கமான அளவு பூச்சியமாகிவிட்டதால், இன்று உள்ளூரில் தொற்றும் ஒரே ஒரு நோயாளரும் பெருஞ்செய்தி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிக் கரைகளை அழித்தது. முகாம்களில் வாந்திபேதியும் மலேரியாவும் வெடிக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை, அடுத்த ஆண்டில் மலேரியா மேலும் குறைந்தது. அலை வேறொரு கேள்வியைத்தான் விட்டுச்சென்றது: உப்பேறிய நீரில் நுளம்பு வளருமா? நன்னீரில் மட்டுமே வளரும் என்று பாடநூல்கள் சொன்ன குலிசிபேசிஸ், மட்டக்களப்பு நகரருகே உவர்நீர்த் தேக்கமொன்றில் முட்டையிட்டு வளர்வதை 2010இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகளும் கரையோரங்களில் கைவிட்ட தோணிகளிலும் பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் வளர்வதாக ரஞ்சன் ராமசாமி, சி. நோபல் சுரேந்திரன் ஆகியோர் அடங்கிய குழு 2011இல் காட்டியது. 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு. கிழக்கில் டெங்கு ஏறுவது மாரி மழைக்குப் பின், ஆண்டின் தொடக்கத்தில். மேற்கில் ஆண்டின் நடுவில். ஒரே நாட்காட்டியை வைத்துக் கொழும்பிலிருந்து திட்டமிடுவது கிழக்குக்குப் பொருந்தாது.

வயற்சேற்றிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வருவது மெலியோய்டோசிஸ். தோற்புண் வழியாகவோ மூச்சோடோ உடலுக்குள் போகும். நியூமோனியாவாக, ஆறாத கட்டியாக, இரத்தத்தில் நஞ்சேறிய காய்ச்சலாக வெவ்வேறு உருவில் வரும். நீரிழிவுள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். 1911இல் ரங்கூனில் அல்பிரட் விற்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் முதலில் இனங்கண்டனர். கிருஷ்ணசுவாமியின் பெயரைப் பின்வந்தோர் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இலங்கையில் 1927இல் ஒரு நோயாளர் பதிவானார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றிரண்டு பதிவுகளே. நோய் இல்லாமலில்லை, இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி இதைத் தேடியவர்கள் இல்லை. 2000களின் பிற்பகுதியில் ஏனோகா கொரெயா முதலானோர் முறையாகத் தேடத் தொடங்கியதும் தீவின் பல இடங்களிலும், குறிப்பாகக் கிழக்கிலும், நோயாளர்கள் கிடைத்தார்கள்.

2015 இறுதியில் கடும் மழைக்குப் பின் மட்டக்களப்பில் இந்நோயாளர்கள் ஒருசேர வந்தனர். பத்துப் பேரின் இரத்தத்தில் கிருமி உறுதியானது. ஒரே கிணறா, ஒரே வயலா? 1854இல் இலண்டனில் வாந்திபேதியின் மூலமென ஜோன் ஸ்னோ ஒரு நீர்க்குழாயைக் காட்டிய கதையைப் படித்தவருக்கு முதலில் வரும் எண்ணம் இதுவே. மரபணு வரிசையைப் பார்த்தபோது விடை வேறு: கிருமிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. மூலம் ஒன்றல்ல, மண்ணில் பரவலாக இருந்த பலவகைக் கிருமிகளை ஒரே மழை ஒரே நேரத்தில் மனிதரிடம் கொண்டுசேர்த்தது. மூடுவதற்குக் குழாய் எதுவும் இல்லை. நீரிழிவுள்ள விவசாயி சப்பாத்தணிந்து வயலில் இறங்குவதும், மழைக்காலக் காய்ச்சலில் வைத்தியர் இந்நோயை நினைப்பதுமே இங்கு தடுப்பும் காப்பும்.

கொவிட் காலத்தில் நாட்டின் முதல் தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஒன்று 2020 மார்ச்சில் புணானையில் திறக்கப்பட்டது. ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே உள்ள பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்று வாழைச்சேனைக்கு வந்தது. மீன் போன பாதையிலேயே நோயும் திரும்பியது. கொவிட்டில் இறந்தோர் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்ற அரச விதிக்குச் சொல்லப்பட்ட காரணம், புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், பல முஸ்லிம் குடும்பங்களின் உறவினர் உடல்கள் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,600க்கு மேற்பட்ட உடல்கள், பல சமயத்தவருடையவை, அங்கே கிடக்கின்றன. பின்னர் நடந்த நீர் ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் தரவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.