மதுரைக் கால்: ஒரு பெயர், இரு நோய்கள்

முள் தைத்த காயம் ஆறிப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழிந்த பின்னர் பாதம் வீங்கத் தொடங்கும். வலி பெரும்பாலும் குறைவே. நாளடைவில் வீக்கத்தில் புரைகள் திறந்து, சீழுடன் நுண்ணிய மணிகள் வெளிவரும். மதுரையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் கில் 1842இல் இந்நோயைப் பதிவு செய்தார். வெறுங்காலுடன் மண்ணில் உழைப்போரை மிகுதியாகத் தாக்கிய அந்நோய், மருத்துவ உலகில் ‘மதுரைக் கால்’ என வழங்கலாயிற்று.

அதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்தவர் இவரே. பம்பாயிலும், புணேக்குத் தெற்கே சாத்தாராவிலும் பணியாற்றிய கார்ட்டர், நோய்க்கு ‘மைசிடோமா’ எனப் பெயரிட்டு 1874இல் தனிநூல் வெளியிட்டார். கரிய மணிகளையும் வெளிறிய மணிகளையும் அவர் வேறுபடுத்தி விவரித்தார்; ஆயினும் இரண்டையும் பூஞ்சையின் விளைவென்றே கருதினார். முற்றிய நோய்க்குக் காலை வெட்டுவதே வழியாக இருந்த அக்காலத்தில், காரணம் எதுவாயினும் நோயாளிக்கு முடிவு ஒன்றே.

1894இல் வின்சென்ட் வெளிறிய மணிகளிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இன்று அது ‘ஆக்டினோமதுரா மதுரே’ எனப்படும் பாக்டீரியா. கரிய மணிகளை உண்டாக்கும் பூஞ்சையோ ‘மதுரெல்லா’. ஊர்ப்பெயர் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது, நோய்கள் வேறு. 1913இல் பினோய் அவற்றை முறையாக இரண்டாகப் பகுத்தார்.

இப்பகுப்பு நோயாளிக்குப் பயன்பட, நுண்ணுயிர்க்கொல்லிகள் வரவேண்டியிருந்தது. கார்ட்டரின் நூல் வெளிவந்து 80 ஆண்டுகள் கழித்து, 1954இல், புணேயின் ஔந்துக்கு வடக்கே பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. பெனிசிலின் உள்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. பின்னர்க் கோட்ரைமாக்சசோல், அமிக்காசின் முதலியவற்றைப் பல மாதங்கள் தொடர்ந்து அளித்து, பாக்டீரியா வகையைப் பெரும்பாலும் கால் இழப்பின்றியே குணப்படுத்த இயன்றது. பூஞ்சை வகைக்கு இம்மருந்துகள் பயன்படா. அதற்குப் பூஞ்சைக்கொல்லியும் பலவேளை அறுவையும் தேவை.

எனவே மணியை நுண்ணோக்கியில் ஆராய்வதே சிகிச்சையின் முதற்படி. கரிய மணி பூஞ்சையைச் சுட்டும். வெளிறிய மணி இரண்டிலும் தோன்றக்கூடும். மிக மெல்லிய, கிராம் சாயம் ஏற்கும் இழைகள் பாக்டீரியாவுக்கும், தடித்த இழைகள் பூஞ்சைக்கும் அடையாளம். வளர்ப்புச் சோதனை அதை உறுதிசெய்யும்.

2016இல் உலக சுகாதார அமைப்பு மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில்லின் பதிவுக்கும் அதற்கும் இடையே 174 ஆண்டுகள். அறிவு வளர்ந்த வேகத்தில் அது உழைப்பாளியின் பாதத்தை எட்டவில்லை என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.