சர்ஃப் போர்டு ஏன் உடைகிறது? தெர்மாகோல் முதல் கார்பன் வரை: எது அதிக நாள் உழைக்கும், எது அலையில் சுகம்?

2021 ஜூலை 27. ஜப்பானின் சுரிகசாகி கடற்கரை. ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் அலைச்சறுக்கு இறுதிப்போட்டி. பிரேசில் வீரர் இட்டாலோ ஃபெரைரா இறங்கிய முதல் அலையிலேயே அவருடைய போர்டு உடைந்துபோனது. மாற்று போர்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் கடலுக்குள் போனார். ஜப்பானின் கனோவா இகராஷியைத் தோற்கடித்துத் தங்கமும் வென்றார்.

உலகத்தின் முன்னணி வீரருக்கு உடையாத ஒரு போர்டைச் செய்து கொடுக்க முடியாதா? தாராளமா முடியும். ஆனா அந்த அளவுக்கு உறுதியான போர்டை எடுத்துக்கொண்டு எந்தப் போட்டி வீரரும் கடலுக்குள் இறங்க மாட்டார். காரணம், போர்டில் உறுதியைக் கூட்டக் கூட அது அலையில் நகரும் விதம் மாறிவிடும். விலை கொடுத்து போர்டு வாங்கப்போகும் நமக்கும் இதே சிக்கல்தான்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு கற்றுக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. சொந்தமா ஒரு போர்டு வாங்கலாம்னு நினைக்கிறவங்க, முதலில் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

போர்டுக்குள் என்னதான் இருக்கு?

இன்றைய சர்ஃப் போர்டை ஒரு சாண்ட்விச் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எடை குறைந்த ஃபோம். அதன் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணி, அதாவது ஃபைபர் கிளாஸ். துணியை ஃபோமோடு பிடித்துவைப்பது ரெசின் என்ற பிசின். பல போர்டுகளில் நடுவே தலை முதல் வால் வரை ஒரு மெல்லிய மரப்பட்டையும் ஓடும். இதற்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர்.

இதில் பாரத்தைத் தாங்குவது ஃபோம் இல்லை, வெளித்தோல்தான். மேல் தோலையும் கீழ்த் தோலையும் விலகாமல், நெருங்காமல் வைத்திருப்பதுதான் ஃபோமின் வேலை. அலையின் உச்சி போர்டின் மேல் விழும்போதோ, காற்றில் தாவிய வீரர் நடுவில் கால் ஊன்றும்போதோ, ஒரு பக்கத் தோல் மடங்கிவிடும். தோல் மடங்கிய அடுத்த நொடியே போர்டு இரண்டு துண்டு.

அதனால் "எந்த ஃபோம்?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். மேலே எத்தனை அடுக்கு துணி, எந்த ரெசின் என்பதையும் கேட்க வேண்டும். எடை குறைய வேண்டும் என்பதற்காகப் போட்டி வீரர்களின் போர்டில் மெல்லிய துணியைத்தான் போடுவார்கள். கடைக்காரர்கள் சொல்லும் "4 அவுன்ஸ்", "6 அவுன்ஸ்" என்பது இந்தத் துணியின் எடை. 6 அவுன்ஸ் துணி போட்ட போர்டு கொஞ்சம் கனக்கும். ஆனா குதிகால் பட்ட இடமெல்லாம் சீக்கிரம் பள்ளம் விழாது.

பி.யூ. போர்டு: பழசு, ஆனா இன்னும் ராஜா

பாலியூரித்தேன் ஃபோம், அதன் மேல் பாலியஸ்டர் ரெசின். சுருக்கமாக பி.யூ. போர்டு. 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் இந்த ஃபோமை போர்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதுவரை பால்சா மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்த தொழிலே தலைகீழாக மாறிவிட்டது.

இதன் பலம் அலையில் கிடைக்கும் உணர்வு. போர்டு தண்ணீரில் கொஞ்சம் அமிழ்ந்தே நிற்கும். திருப்பும்போது லேசாக வளைந்து, பழைய நிலைக்குத் திரும்பும். கடலில் சிறுசிறு அலைகள் கலைந்து கிடந்தாலும் அந்த அதிர்வு காலுக்கு அவ்வளவாக வராது. பெரிய அலையில், வேகத்தில், போர்டு எங்கே போகும் என்பது காலுக்கு முன்கூட்டியே தெரியும். உலகச் சுற்றுப் போட்டி வீரர்களில் பலர் இன்றைக்கும் இதை விடாததற்கு இதுதான் காரணம்.

பலவீனமும் உண்டு. பாலியஸ்டர் ரெசின் இறுகிய பிறகு சட்டென்று விரிசல் விடும் தன்மை கொண்டது. பாறையில் இடித்தால், ஏன், வீட்டுச் சுவரில் சாய்த்தது சரிந்து விழுந்தாலே கீறல் விழும். அடிக்கடி கடலுக்குப் போகிறவரின் மெல்லிய பி.யூ. போர்டில் மாதக்கணக்கில் குதிகால் பள்ளங்கள் சேரும். வெயிலில் கிடந்தால் ஃபோம் மஞ்சளாகும். லேசான மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல் தோல் ஃபோமை விட்டுக் கழன்று, அழுத்தினால் அப்பளம் போல உள்ளே போகிறதா என்று பாருங்கள். பழைய போர்டு வாங்கும்போது இதுதான் முதல் சோதனை.

ஒரே நாளில் நின்றுபோன தொழிற்சாலை

2005 டிசம்பர் 5. அந்த கார்டன் கிளார்க் நடத்திவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. அமெரிக்காவின் போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலானோருக்கு ஃபோம் அங்கிருந்துதான் போனது. பாலியூரித்தேன் தயாரிக்கப் பயன்படும் டி.டி.ஐ. என்ற நச்சு ரசாயனம் தொடர்பான சுற்றுச்சூழல் கெடுபிடிகளை அவர் காரணமாகச் சொன்னார். அலைச்சறுக்கு உலகம் அந்த நாளை இன்றும் "பிளாங்க் மண்டே" என்றே சொல்கிறது. செதுக்குவதற்கு முன் இருக்கும் ஃபோம் கட்டைக்கு பிளாங்க் என்று பெயர்.

ஃபோம் கிடைக்காமல் தவித்தவர்கள் மாற்று தேடினார்கள். அப்போதுதான், அதுவரை ஒரு ஓரமாக இருந்த தெர்மாகோல் போர்டு பெரிய அளவில் சந்தைக்கு வந்தது.

தெர்மாகோலிலா கடலுக்குள் போறது?

ஆமாம். இ.பி.எஸ். என்று கடையில் சொல்வது நம்ம தெர்மாகோல் குடும்பத்துப் பொருள்தான். டி.வி. பெட்டிக்குள் வரும் அதே குட்டிக் குட்டி மணிகள், போர்டுக்காக நெருக்கமாக அழுத்தியிருக்கும். ஒரு கன மீட்டர் இ.பி.எஸ். சுமார் 16 முதல் 32 கிலோதான் இருக்கும். பி.யூ. ஃபோம் அதைவிடக் கனமானது.

இதன் மேல் பாலியஸ்டர் ரெசினைப் பூச முடியாது. அதில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோல் துண்டில் பெட்ரோல் ஊற்றினால் சுருண்டு கூழாகுமே, அதே கதைதான். அதனால் எபாக்ஸி ரெசின்தான் போட வேண்டும். இந்தக் கட்டாயமே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. எபாக்ஸி எளிதில் நொறுங்காது, கண்ணாடி இழையை இறுக்கமாகப் பிடிக்கும். ஒரே எடையில் ஒரு பி.யூ. போர்டையும் எபாக்ஸி போர்டையும் வைத்தால், இடி தாங்குவதிலும் பள்ளம் விழாமல் இருப்பதிலும் பொதுவாக எபாக்ஸிதான் முந்தும்.

அலையில் எப்படி இருக்கும்? தக்கை மாதிரி. தண்ணீரின் மேலேயே மிதக்கும். துடுப்பு போடுவது சுலபம், வலுவில்லாத சின்ன அலையிலும் சீக்கிரம் வேகம் பிடிக்கும். சாதாரண நாட்களில் நம் கடற்கரையில் வரும் இடுப்பளவு அலைக்கு இது பெரிய உதவி. ஆனா மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பி, தண்ணீர் சுருக்கம் சுருக்கமாகும் நேரத்தில் இதே போர்டு டக்டக்கென்று துள்ளும். கரடுமுரடான தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது போல இருக்கும். அதிகாலையிலேயே கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

எபாக்ஸி உடையவே உடையாது என்று சொல்லி விற்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். போட்டிக்காக மெல்லிய துணி போட்டுச் செய்யும் எபாக்ஸி போர்டும் உடையத்தான் செய்யும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, வெயில். மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, தோலை ஃபோமிலிருந்து பிரித்துத் தள்ளும். மே மாதச் சென்னையில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது போர்டில் கொப்புளம் எழும்பியிருக்கலாம். இதற்காகவே சில போர்டுகளில் சின்ன காற்றுத் திருகு வைத்திருப்பார்கள். வெயிலிலும் விமானத்திலும் அதைத் திறந்து வைக்க வேண்டும். கடலில் இறங்கும் முன் மறக்காமல் மூட வேண்டும்!

கார்பன், மரம், சாஃப்ட் டாப்

கார்பன் ஃபைபர் கண்ணாடி இழையைவிட விறைப்பானது. முழு போர்டையும் கார்பனால் மூடினால் அது வளையவே வளையாது, காலுக்கு இரும்புப் பலகை மேல் நிற்பது போல இருக்கும். அதனால் பெரும்பாலும் ஓரங்களிலோ வால் பகுதியிலோ பட்டையாக ஒட்டுகிறார்கள். வளைந்த போர்டு இன்னும் வேகமாகத் திரும்பி நிமிரும் என்பது கணக்கு. கறுப்பு நிறம் என்பதால் சூடும் அதிகம் இழுக்கும், நம் ஊருக்கு அது கூடுதல் தலைவலி. ஓரமாக நாலு கறுப்புக் கோடு மட்டும் இருந்தால், அது உறுதிக்கா அழகுக்கா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மரத்தின் கதை வேறு. ஹவாய் தீவுகளில் தலைவர்களுக்கென்று செய்த ஓலோ என்ற நீளமான பலகைகள் வில்லிவில்லி என்ற லேசான மரத்தில் உருவானவை. நம்மூர் கல்யாண முருங்கை இருக்கிறதே, அதே பேரினத்து மரம் அது. 1855-ல் இறந்த அபனர் பாக்கி என்ற ஹவாய்த் தலைவரின் பலகைகளை ஹோனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எடை ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கும் மேல். இன்றைய ஷார்ட் போர்டின் எடை சுமார் 3 கிலோதான். இப்போது உள்ளே கூடாக வைத்துச் செய்யும் மர போர்டுகள் அவ்வளவு கனம் இல்லை. எடுத்த வேகத்தை விடாமல் வழுக்கிக்கொண்டு போகும், ஒழுங்காகப் பராமரித்தால் பல வருஷம் வரும். சட்டென்று திரும்ப நினைத்தால்தான் அடம் பிடிக்கும். விலையும் அதிகம்.

பயிற்சிப் பள்ளிகளில் கொடுக்கும் சாஃப்ட் டாப் போர்டின் மேல்பக்கம் மெத்தென்று இருக்கும், அடிப்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக். தலையில் பட்டாலும் அடி குறைவு. ஆனா அடியில் இருக்கும் துடுப்புகள் வெட்டும், கவனம். கீறல் விழாது, பள்ளம் விழாது, பத்துப் பேர் மிதித்தாலும் தாங்கும். திருப்பும்போது மட்டும் ரப்பர் மாதிரி தாமதமாகத்தான் பதில் சொல்லும். விலை குறைந்த சாஃப்ட் டாப்பில் ஓரத் தையலோ ஒட்டோ விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, மாதா மாதம் கனம் ஏறும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பழைய சாஃப்ட் டாப்பைக் கண்டிப்பாகத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

உடைஞ்சா ஃபைபர் போட் ஒட்டுறவர்கிட்ட கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் போர்டையே காலி செய்துவிடும்.

தமிழகக் கடற்கரைக் கிராமங்களில் ஃபைபர் படகு ஒட்டத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கை நேர்த்தியில் அவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் படகுக்குப் பயன்படுத்துவது வழக்கமாக பாலியஸ்டர் ரெசின். உங்கள் போர்டு பி.யூ. என்றால் கவலையே இல்லை, அதே ரெசின்தான். இ.பி.எஸ். என்றால், ரெசினை ஊற்றிய சில நிமிடத்தில் உள்ளே ஃபோம் கரைந்து குழியாகிவிடும். விரல் அகலக் கீறல் உள்ளங்கை அகல ஓட்டையாக மாறும். ஒட்டியவர் மேல் தப்பு இல்லை, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாமல் கொடுத்தவர் மேல்தான் தப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? உடைந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உருண்டை உருண்டையாக மணிகள் தெரிந்தால் இ.பி.எஸ். மாவு போல, ரொட்டி போல ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் பி.யூ. காற்றுத் திருகு இருந்தாலும் அது இ.பி.எஸ். என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமா இருந்தா எபாக்ஸியே போடச் சொல்லுங்க. எபாக்ஸி இரண்டு ஃபோமிலும் ஒட்டும். பாலியஸ்டர் அப்படி இல்லை, இறுகிய எபாக்ஸி மேல் சரியாகப் பிடிக்கவும் செய்யாது.

அவசரத்துக்கு வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள். அந்த வகைப் பசையும் தெர்மாகோலை அரித்துவிடும். எம்-சீல் போன்ற எபாக்ஸி பசை கனமா இருக்கும், பார்க்கவும் நல்லா இருக்காது. ஆனா ஃபோமைக் கரைக்காது, தற்காலிகமாக ஓட்டையை அடைக்கும்.

ஓட்டை விழுந்தது கடலிலேயே தெரிந்துவிட்டால் உடனே கரையேறிவிடுங்கள். "இன்னும் ரெண்டே அலை" என்று இருக்கும் நேரத்தில் மணிகளுக்கு இடையே தண்ணீர் புகுந்துவிடும். ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் நிறுத்தி, சொட்டு நின்று நன்றாகக் காயும் வரை சில நாட்கள் விடுங்கள். ஈரத்தோடு மேலே ஒட்டு போட்டால், உள்ளே மாட்டிய தண்ணீர் வெயிலில் சூடாகி அந்த ஒட்டையே கிளப்பிவிடும்.

அப்போ எதை வாங்கலாம்?

இன்னும் நிற்கவே பழகாதவர் என்றால் சாஃப்ட் டாப், வேறு யோசனையே வேண்டாம். முதல் வருடம் அதையும் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். நின்று, திருப்பப் பழகிவிட்டவருக்கு, நம் கடற்கரையின் சின்ன அலைக்கு 6 அவுன்ஸ் துணி போட்ட இ.பி.எஸ்.-எபாக்ஸி போர்டு பொருந்தும். வெயிலில் போடாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும். பைக்கிலும் ஆட்டோவிலும் கட்டிக்கொண்டு போகிறவர், ஊரிலேயே சரிசெய்ய நினைப்பவர், கொஞ்சம் கனமான பி.யூ. போர்டை எடுக்கலாம். எதை எடுத்தாலும் உறை ஒன்று சேர்த்தே வாங்கிவிடுங்கள். அலையில் உடையும் போர்டுகளைவிட, ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது அடிபடும் போர்டுகள்தான் அதிகம் இருக்கும் போல!