வன்னிக் காய்ச்சலும் வரைபுகளும்

வன்னிப் பெருநிலத்தில் துணுக்காய்க்கு அண்மையில் அமைந்துள்ளது மல்லாவி. அதற்கு அயலிலுள்ள வவுனிக்குளம் 1950-களில் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்தன. அதற்கு முன்னர் இக்காடுகளுக்குக் குடிவந்தோரை வருத்தியவற்றுள் மலேரியாக் காய்ச்சல் முதன்மையானது. அக்காய்ச்சலின் வரலாறு எண்களில் இருக்கின்றது. அவ்வெண்களை எவ்வகைப் படமாக வரைவது என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

எண்களைக் கோடாகவும் சலாகையாகவும் வரைந்து 1786-இல் நூலாக்கியவர் வில்லியம் பிளேபேயர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். வட்ட வரைபை 1801-இல் தந்தவரும் அவரே. ஒரு முழுமையின் பங்குகளைக் காட்ட வட்டம் போதும். காலத்தோடு மாறுவதைக் காட்ட அது உதவாது.

1934, 1935-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் பரவிப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அவ்விறப்புகளுக்கேற்பத் தேசப்படத்திற்கு நிறந்தீட்டினால், கேகாலை, குருநாகல் பகுதிகள் கடுஞ்சிவப்பாகும். வன்னி வெளிறிக் கிடக்கும். வன்னியிற் காய்ச்சல் இல்லை என்பதா இதன் பொருள்? அன்று. அங்கே காய்ச்சல் ஆண்டுதோறும் உறைந்திருந்தமையால், வளர்ந்தோர் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். சிறுவரின் மண்ணீரல் வீக்கத்தை அளந்து நிறந்தீட்டினால், படம் ஏறக்குறையத் தலைகீழாகிவிடும். இரண்டும் மெய்யான படங்களே. கேட்ட கேள்விதான் வேறு.

1946-இல் டி.டி.ரி. தெளிக்கும் பணி விரிவடைந்தது. ஆயிரம் பேருக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு இறங்கியது. இதனைக் கோட்டு வரைபாக வரைந்தவர்கள் செங்குத்தான அச்சரிவைக் கண்டு வியந்து, மருந்தின் புகழைப் பாடினர். ஆனால், நுளம்புத் தொல்லை குறைந்த மாவட்டங்களிலும் இறப்பு வீழ்ந்ததே என்று எஸ். ஏ. மீகம போன்றோர் தடை எழுப்பினர். போருக்குப் பின் உணவும் வைத்தியசாலைகளும் பெருகியமையும் காரணமன்றோ? நாடு முழுவதையும் ஒரே கோடாக்கும் வரைபு இதற்கு விடை கூறாது. மாவட்டம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக்கி, மண்ணீரல் வீக்க வீதம் ஓர் அச்சிலும் இறப்புக் குறைவு மற்றோர் அச்சிலும் அமைய இட்டாலே வேறுபாடு புலப்படும். பீற்றர் நியூமன் 1965-இல் மாவட்டங்களை இவ்வாறு ஒப்பிட்டு, மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு அளித்தார். 1974-இல் மீண்டும் கணக்கிட்ட ஆர். எச். கிரே அப்பங்கை நாலில் ஒன்றளவுக்குக் குறைத்தார். வன்னி போன்ற சனத்தொகை குறைந்த பகுதிகள் பெற்ற பெருநன்மை தேசியச் சராசரியில் அடங்கிவிடும் என்பதையும் இங்கே மறத்தலாகாது.

மாவட்டங்களை ஒப்பிடுவதிலும் ஓர் இடர் உண்டு. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970-களின் இறுதியிலேதான். இன்றைய கணினி மென்பொருளோ, அட்டவணையில் அப்பெயரைக் கண்டதும் ஆண்டுகளை எல்லாம் இணைத்துத் தயங்காமற் கோடு இழுத்துவிடும். எல்லை மாறியதை அது அறியுமா?

அளவுத்திட்டம் மற்றொரு சிக்கல். 1946-இல் ஏறக்குறைய 28 இலட்சம் பேரைப் பீடித்த நோய், 1963-இல் 17 பேரை மட்டுமே பீடித்தது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969-இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். சாதாரண அளவில் வரைந்தால், 17 என்ற எண் பூச்சியத்தோடு ஒட்டி, நோய் அற்றேவிட்டது போலத் தோன்றும். மடக்கை அளவில் வரைந்தால், பதினேழும் ஒரு புள்ளியாக நின்று, விதை எஞ்சியிருப்பதைக் காட்டும்.

உள்நாட்டிற் பரவிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மடக்கை அளவிலோ பூச்சியத்துக்கு இடமில்லை. ஆகவே உள்நாட்டு நோயாளரைக் குறிக்கும் கோடு அவ்வரைபில் 2012-உடன் அறுந்துவிடும்.