தள்ளி நின்று கூடிய ஊர்

கொரோனா காலத்தில் வாசலில் நின்றபடியே எதிர்வீட்டாரை நலம் விசாரித்தோமே, நினைவிருக்கிறதா? 1666-லேயே அப்படி வாழ்ந்த ஊர் இங்கிலாந்தின் ஈம் கிராமம். பிளேக் நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாதென்று, பாதிரியார் வில்லியம் மொம்பெசன் சொன்னதை ஏற்று, ஊரார் எல்லையைத் தாண்டாமல் இருந்தார்கள். வெளியூரார் எல்லையில் உணவு வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் அதற்கான காசை வினிகரில் போட்டு வைப்பார்கள்.

தேவாலயத்தை மூடினார்கள்; ஆனால் கூடுவதை நிறுத்தவில்லை. திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று வழிபட்டார்கள். வாராவாரம் யாரைக் காணோம் என்பதும் அங்கேதான் தெரிந்திருக்கும். பாதிரியாரின் மனைவி கேத்தரின் உட்படச் சுமார் 260 பேர் இறந்தார்கள்.

இன்றும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அங்கே நினைவு வழிபாடு உண்டு. விலகி நிற்பது வேறு, கைவிடுவது வேறு.