மூடிய கணக்கை எண்ணும் ஏடு: பிரிட்டனில் கிளை வங்கியும் செயலி வங்கியும்

பிரிட்டனில் மக்கள் கிளை வங்கியை விட்டுச் செயலி வங்கிக்குப் போகிறார்களா என்ற கேள்விக்குப் பல ஆய்வுகள் ஒரே ஏட்டைப் புரட்டித்தான் விடை தேடியிருக்கின்றன. அது நடப்புக் கணக்கு மாற்றுச் சேவை காலாண்டுதோறும் வெளியிடும் அட்டவணை. எந்த வங்கிக்கு எத்தனை கணக்குகள் வந்தன, எந்த வங்கியிலிருந்து எத்தனை போயின என்பது அதில் இருக்கும். பல கோடி பவுண்டு முதலீட்டோடு வந்த, கிளைகளே இல்லாத செயலி வங்கிகளான மான்ஸோவும் ஸ்டார்லிங்கும் பெற்ற புகழுக்கு ஏற்ற இடம் அவற்றுக்கு அந்த அட்டவணையில் இல்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வழக்கில் நிலைத்துவிட்டன: வங்கி வாடிக்கையாளர் பழக்கத்தின் பிடியில் கிடப்பவர், செயலி வங்கி இளைஞர்களின் கைச்செலவுப் பை. இரண்டாவது முடிவில் ஓரளவு உண்மை உண்டு. முதலாவதற்கு இந்த அட்டவணையில் ஆதாரமே இல்லை என்பது என் வாதம்.

1. மந்தம் என்ற வாசிப்பு

இந்த வாசிப்பின் வேர் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2016 ஆகஸ்ட்டில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் இருக்கிறது. ஓராண்டில் வங்கி மாறும் தனிநபர்கள் வெறும் 3 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே வங்கியில் இருப்பவர்கள். மாறியிருந்தால் ஆளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 92 பவுண்டு மிஞ்சியிருக்கும். கையில் கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்பவரை மந்தமானவர் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. வங்கிகள் தகவலைப் பகிரும் திறந்த வங்கி முறையும் இந்த நோய்க்கு மருந்தாகவே பரிந்துரைக்கப்பட்டது.

டி.எஸ்.பி. வங்கியின் கதையும் இதற்குத் துணையாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 2018 ஏப்ரலில் அந்த வங்கி தன் கணினி அமைப்பை லாய்ட்ஸிடமிருந்து பிரித்து அப்போதைய தாய் நிறுவனமான சபடெல்லின் அமைப்புக்கு மாற்றியபோது, 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். ஒழுங்காற்று அமைப்புகள் 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. 50 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களில் 2018-இல் விலகியவர்களோ சுமார் 80,000 பேர். இவ்வளவு பட்டும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட நகரவில்லை, மந்தத்துக்கு இன்னும் என்ன சான்று வேண்டும் என்பது அந்தத் தரப்பின் கேள்வி.

அந்த 80,000 பேர் கணக்கை மாற்றிக்கொண்டு போனவர்கள். எஞ்சியவர்களில் எத்தனை பேர் அதே மாதம் வேறொரு வங்கியில் இன்னொரு கணக்கைத் திறந்து, சம்பளத்தில் பாதியை அங்கே திருப்பிவிட்டார்கள்? மாற்றுச் சேவையின் ஏட்டில் இதற்குப் பதில் இல்லை. இருக்கவும் முடியாது.

2. ஏடு எதை எண்ணுகிறது

2013 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவையின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சம்பளம் வந்து விழுகிற அன்றாடக் கணக்கை ஒருவர் முழுமையாக மாற்றச் சொன்னால், ஏழு வேலை நாட்களில் அவருடைய கணக்கிலிருந்து தானாகப் போகும் டைரக்ட் டெபிட்டுகளும் ஸ்டாண்டிங் ஆர்டர்களும் மீதிப் பணமும் புதிய வங்கிக்குப் போய்ச் சேரும். பழைய எண்ணுக்கு வரும் பணம் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடப்படும். பழைய கணக்கு மூடப்படும். இந்த மூடலோடுதான் சேவையின் உத்தரவாதமும் வருகிறது. பழையதைத் திறந்தே வைத்துக்கொண்டு சிலவற்றை மட்டும் நகர்த்தும் பகுதி மாற்றத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மாற்றுச் சேவையை நாடாமல் நேரே செயலியில் புதுக் கணக்கு திறப்பவர் இந்த ஏட்டின் கண்ணிலேயே படமாட்டார்.

ஆக, இந்த ஏட்டில் பதிவாவது ஓர் உறவின் முடிவு. செயலி வங்கியோடு உறவு தொடங்குவதற்கு எதையும் முடிக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையைப் படமெடுத்து, முகத்தைக் காட்டிச் சில நிமிடங்களில் கணக்கு திறந்துவிடலாம். மணவிலக்குப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஊரில் எத்தனை நட்புகள் முளைத்தன என்று கணக்கிடுவது போன்ற வேலைதான் இதுவரை நடந்திருக்கிறது.

இதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்றும் உண்டு. பெரிய வங்கிகளும் வங்கி போலவே இயங்கும் கட்டடச் சங்கங்களும் மாறி வருவோருக்கு ரொக்கப் பரிசு தருகின்றன. 2023 இலையுதிர் காலத்தில் கட்டடச் சங்கமான நேஷன்வைட் 200 பவுண்டு தந்தது. இரண்டு டைரக்ட் டெபிட்டுகளாவது கூடவே வரவேண்டும் என்பது இத்தகைய பரிசுகளின் வழக்கமான நிபந்தனை. இதற்குச் சிக்கனக் குறிப்பு எழுதுவோர் சொல்லித்தரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததே: சம்பளக் கணக்கைத் தொடாதே, செயலி வங்கியில் உபரியாக ஒரு கணக்கு திற, மாதம் ஒரு பவுண்டு போகும்படி இரண்டு டைரக்ட் டெபிட்டுகளை அதில் போடு, பரிசு தரும் வங்கிக்கு அந்தக் கணக்கை மாற்று. பணம் வந்ததும் அடுத்த பரிசுக்காக இன்னொரு உபரிக் கணக்கு.

ஏட்டில் இது எப்படி விழும்? செயலி வங்கிக்கு ஓர் இழப்பு, கிளை வங்கிக்கு ஒரு வரவு. நடந்தது என்ன? மாறியவர் பழைய சம்பள வங்கியை விடவில்லை. புதிய வங்கியில் பரிசை வாங்கியதைத் தவிர அவருக்கு வேலை இருந்ததா என்பது ஐயமே. செயலி வங்கியிலோ அவர் மறுபடியும் கணக்கு திறக்கக்கூடும். எதையுமே கைவிடாத ஒருவர் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைத் தேர்ந்தவராகப் பதிவாகிவிடுகிறார். மந்தமானவர் என்று எண்ணப்பட்ட வாடிக்கையாளர் இங்கே வங்கிகளையே வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மொத்த மாற்றங்களில் இவ்வகையின் பங்கு எவ்வளவு என்று அட்டவணையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. அது சிறிதாகவே இருக்கலாம். ஆனால் நிகர வரவில் முன்னணிக்கு வருபவை பெரும்பாலும் அந்தக் காலாண்டில் பரிசு அறிவித்த நிறுவனங்களே என்பதைக் கவனித்தால், இந்த ஏட்டை விருப்பத்தின் அளவுகோலாகக் கொள்வதைவிடப் பரிசின் அளவுகோலாகக் கொள்வதே பொருத்தம் என்று படுகிறது.

3. இரண்டு வங்கி, இரண்டு வேலை

வேறு தடயங்களுக்கு வருவோம். நிதி நடத்தை ஆணையத்தின் 2022 ஜனவரி அறிக்கை, செயலி வங்கிகள் சில ஆண்டுகளுக்குள் தனிநபர் நடப்புக் கணக்குகளில் சுமார் 8 விழுக்காட்டைப் பிடித்துவிட்டதாகச் சொன்னது. ஓராண்டில் 3 விழுக்காட்டினரே மாறும் ஒரு சந்தையில், அந்த மாற்றத்திலும் பெரும் பங்கு தங்களுக்கு வராத நிலையில், அவை இவ்வளவு தூரம் வந்தது எப்படி? யாரிடமிருந்தும் பறிக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால்தான்.

வைப்புத் தொகையும் இதையே சுட்டுகிறது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மான்ஸோவில் 97 லட்சம் வாடிக்கையாளர்களும் 1,120 கோடி பவுண்டு வைப்பும் இருந்தன. ஆளுக்குச் சுமார் 1,150 பவுண்டு. முழுநேர ஊழியர் ஒருவரின் வரிக்கு முந்தைய இடைநிலை மாதச் சம்பளத்தில் (2024-இல் சுமார் 3,100 பவுண்டு) இது பாதிகூட இல்லை. அதே ஆண்டில் ஸ்டார்லிங்கில் 42 லட்சம் கணக்குகள், 1,100 கோடி பவுண்டு. கணக்குக்குச் சுமார் 2,600. ஸ்டார்லிங்கின் எண்ணில் சிறு வணிகக் கணக்குகளும் கலந்திருப்பதால் இரண்டையும் நேருக்குநேர் நிறுத்துவது சரியல்ல. தூங்கும் கணக்குகள் சராசரியைக் கீழே இழுக்கவும் கூடும். இருந்தாலும் திசை தெளிவு: மான்ஸோ பலருக்குச் செலவுக் கணக்கு. சம்பளமும் வீட்டுக் கடனும் வேறிடத்தில்.

ஏன் இந்தப் பிரிவினை? செலவு செய்த நொடியில் தொகை திரையில் வந்து விழுவது, பணத்தைத் தனித்தனிப் பைகளாகப் பிரித்து வைப்பது போன்றவற்றைச் செயலி வங்கிகளே வழக்கமாக்கின. கிளை வங்கியிடம் மிஞ்சியிருப்பது ரொக்கம், காசோலை, வீட்டுக் கடன், இறந்தவரின் கணக்கைத் தீர்ப்பது போன்ற, எப்போதாவது வந்தாலும் ஆளைப் பார்த்து முடிக்கவே பலர் விரும்பும் வேலைகள். ரொக்கம் செலுத்த மான்ஸோ வாடிக்கையாளர் பல ஆண்டுகள் பேபாயின்ட் சேவை உள்ள கடைக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு பவுண்டு கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு முறைக்கு 300 பவுண்டுக்கு மேல் போடவும் முடியவில்லை. வாரச் சந்தையில் கடை போடுபவருக்கு இது உதவாது. அட்டையிலேயே வாழ்பவருக்கு இது தெரியவே தெரியாது.

முன்னெச்சரிக்கைக் காரணமும் உண்டு. ஒன்பது பெரிய வங்கிகளும் கட்டடச் சங்கங்களும் 2023 ஜனவரி முதல் இரண்டாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் குறைந்தது 803 மணி நேரம் முடங்கின என்று நாடாளுமன்றக் கருவூலக் குழு 2025 மார்ச்சில் வெளியிட்டது. மறுபக்கம், 2020 ஜூனில் ஜெர்மானியக் கொடுப்பனவு நிறுவனமான வயர்கார்ட் சரிந்தபோது, அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தை நம்பியிருந்த பல செயலி அட்டைகள் சில நாட்கள் செயலிழந்தன. இரண்டு கணக்கு வைத்திருந்தவருக்கு இவை எரிச்சல். ஒன்றே ஒன்று வைத்திருந்தவருக்கு அன்றைய சாப்பாடே கேள்விக்குறி.

வயர்கார்ட் நிகழ்வு இன்னொன்றையும் சொல்கிறது. ‘செயலி வங்கி’ என்று ஒரே கூடையில் போடப்படுபவை எல்லாம் வங்கிகள் அல்ல. ஸ்டார்லிங்குக்கு 2016-இலும் மான்ஸோவுக்குக் கட்டுப்பாடு நீங்கிய முழு உரிமமாக 2017-இலும் வங்கி உரிமம் கிடைத்துவிட்டது. பழைய வங்கிகளுக்கு உள்ள அதே வைப்புக் காப்பு இவற்றுக்கும் உண்டு. இன்னொரு செயலி நிறுவனமான ரெவலூட்டுக்கு 2024 ஜூலை வரை பிரிட்டனில் அந்த உரிமம் இல்லை. அப்போது கிடைத்ததும் கட்டுப்பாடுகளோடுதான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செயலி வங்கிகளின் நம்பகத்தன்மை பற்றிப் பொதுவாகப் பேசும் ஆய்வுகளை இங்கே தனித்தனியாக மறுக்கத் தேவையில்லை.

4. இரண்டு மறுப்புகள்

சம்பளம் வராத கணக்கு உண்மையான போட்டியே அல்ல என்பார்கள். மான்ஸோ 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் முதன்முறையாக முழு ஆண்டு லாபம் கண்டது. இரண்டாம் கணக்குகள் நிறைந்த ஒரு வங்கி லாபம் ஈட்டிய பிறகு அந்த மறுப்புக்கு வலு குறைவு.

ரொக்கமே மறைந்துவரும்போது கிளைக்கு என்ன வேலை என்பது மற்றது. 2023-இல் பிரிட்டனின் கொடுப்பனவுகளில் ரொக்கத்தின் பங்கு 12 விழுக்காடு. சராசரி சிறிது, ஆனால் அந்த 12 விழுக்காடு எல்லோரிடமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. 2015 முதல் 6,000-க்கு மேற்பட்ட கிளைகள் மூடப்பட்ட பிறகு பெரிய வங்கிகள் சேர்ந்து நடத்தும் பொது வங்கி மையங்கள் வந்திருக்கின்றன. எசெக்ஸிலுள்ள ராச்ஃபர்டிலும் கிளாஸ்கோவுக்கு அருகே கேம்பஸ்லாங்கிலும் 2021-இல் சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு இது. கவுண்டரை அஞ்சல் நிலையத்தார் நடத்துவார்கள். பக்கத்து அறையில் நாளுக்கு ஒரு வங்கியின் ஊழியர் வந்து உட்காருவார். அந்த நாள் பட்டியல் பெரிய வங்கிகளுடையது. செயலி வங்கியை மட்டும் நம்பியவருக்கு அந்த அறையில் கேட்பதற்கு ஆள் இல்லை.

இதிலிருந்து கொள்கை அளவில் ஒரு முடிவு வருகிறது. மாறுவோர் எண்ணிக்கையைக் கூட்டுவதே போட்டி என்று ஒழுங்காற்று அமைப்புகள் எண்ணும்வரை, நன்மை கிடைப்பது ஏற்கெனவே இரண்டு மூன்று கணக்குகளைக் கையாளத் தெரிந்தவருக்கே. கிளையா செயலியா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கட்டாயம் உள்ளவர்கள் திறன்பேசி இல்லாத முதியவரும், கிளை மூடப்பட்ட சிற்றூர்க் கடைக்காரரும், அடையாள ஆவணச் சிக்கலால் இரண்டாவது கணக்கு கிடைக்காதவருமே. ஒரே ஒரு கணக்கோடு வாழ்பவர் எத்தனை பேர், அது எவ்வகை வங்கியில் இருக்கிறது, அது முடங்கும் நாளில் அவருக்கு வேறு என்ன வழி என்பதைக் காலாண்டுதோறும் எண்ணத் தொடங்கினால், மாற்று அட்டவணையைவிடப் பயனுள்ள ஏடு ஒன்று நமக்குக் கிடைக்கும்.