விடுமுறையும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பாடசாலை விடுமுறை என்ற சொல் நகரத்து மாணவனின் செவிக்கு இனிக்கும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என ஆண்டுக்கு மும்முறை வரும் அந்நாட்களை அவன் நாளெண்ணிக் காத்திருப்பான். தெஹியோவிட்டவைச் சூழ்ந்துள்ள இறப்பர்த் தோட்டங்களில் வாழும் பிள்ளைக்கோ அந்நாட்கள் வேறு பொருளுடையன. தாயும் தந்தையும் விடியற்காலையிலேயே பிரட்டுக்குச் சென்று, பால் வெட்டப் போய்விடுவர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பிராவில் விடப்படும். அந்த வயதைக் கடந்தும் வேலைக்குரிய வயதை எட்டாத பிள்ளைகளுக்கு லயத்து வாசலே கதி. இப்பிள்ளைகளுக்கென இளைஞர் தாமாக முன்வந்து விடுமுறைக் கழகங்கள் நடத்துவதை ஏதோ புதிதாய் வந்த பொழுதுபோக்கு என எண்ணும் பெரியோரும் எம்மிடையே உளர். அவர்கள் பொருட்டுப் பழைய வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் யார்? அரசாங்கமுமன்று, தோட்டத் துரைமாருமல்லர். லயத்து வாசலிலும் கோயில் முன்றிலிலும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேலை முடிந்து வந்தபின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்ததே மலைநாட்டின் ஆதிப் பாடசாலை. 1854ஆம் ஆண்டில் கண்டியை நிலைக்களமாகக் கொண்டு எழுந்த தமிழ்க் கூலி மிஷனும் தோட்டங்களிற் பள்ளிகளை அமைத்தது. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் அதனை மறைத்துப் பேசுவது நன்றியாகாது; ஆயினும் அப்பெயரில் ‘கூலி’ என்ற சொல் அமர்ந்திருப்பதைக் காணும்போது மனம் சுருங்கவே செய்கிறது.

சட்டம் பின்னரே வந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியளிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை இறுக்கி, இவ்வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என விதித்தது. இவ்விதியை வாசகர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பத்து மணிக்கு முன் ஆகாது என்றால், பத்து மணிக்குப் பின்? ஏழு வயதுக் குழந்தையின் நாளைச் சட்டமே இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டைப் பாடசாலைக்கும் மறு துண்டைத் தோட்டத்துக்கும் கொடுத்தது! 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும், ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி, பிள்ளைக்கொரு கூலி என மூவகையாகவே வகுக்கப்பட்டது. ஓய்வு நேரம் என ஒன்று அப்பிள்ளையின் கணக்கில் எழுதப்படவேயில்லை.

1945இல் மலர்ந்த இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளை உயர்த்தியது உண்மை. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. பெரும்பாலும் ஓராசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலுமே அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

அப்படியாயின் வெளியிலிருந்து தொண்டர் சென்று உதவியிருக்கலாகாதா எனக் கேட்கலாம். துரையின் அனுமதியின்றித் தோட்டத்தினுள் காலடி வைப்பதே அக்காலத்திற் குற்றம். கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பியபோது புடவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டத்தினுள் நுழைந்தார். சுவடி கொண்டு செல்லத் தடை; சேலை கொண்டு செல்லத் தடையில்லை!

ஆயினும் எமது கேகாலை மாவட்டம் தொண்டர்களை அறியாத மண்ணன்று. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அதனால் மிகவும் வாடிய பகுதிகளுள் இம்மாவட்டமும் ஒன்று. சூரியமல் இயக்கத்து வாலிபர்களும் மாதர்களும் கொழும்பை விட்டு வந்து, மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கினர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936இல் றுவான்வெல்லத் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பி வைத்தது. அவரது அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். படித்த வாலிபர் சிலர் தம் ஓய்வை ஏழைகளுக்குக் கொடுத்தால் அதனை மக்கள் மறவார் என்பதற்கு அண்டை ஊரே சான்று.

விடுமுறைப் பள்ளி என்ற முறையே பிற நாடுகளிலும் ஏழைப் பிள்ளைகளின் பொருட்டே தோன்றியது. 1780இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடக்கியது, வாரத்தில் ஆறு நாட்கள் தொழிலில் உழன்ற பிள்ளைகளுக்காக. 1902இல் லண்டன் மாநகரில் நாவலாசிரியை மேரி வார்ட் அம்மையார் கோடை விடுமுறைப் பள்ளியைத் திறந்தார். பாடசாலைக் கதவு மூடியதும் தெருவே வீடாகிப்போன பிள்ளைகளை அவர் கண்டார். அங்கே பாடப் புத்தகத்தைவிடக் கைவேலைக்கும் விளையாட்டுக்குமே இடம் அதிகம். தமிழ்நாட்டிலும் அறிவியல் இயக்கத் தொண்டர்கள் ‘துளிர் இல்லம்’ என்ற பெயரிற் சிறுவர்களைக் கூட்டி, கிடைத்த பொருளைக் கொண்டே விஞ்ஞானம் விளக்கினர். கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின், 2021இல் அங்கே அரசே ‘இல்லம் தேடிக் கல்வி’ எனத் தொண்டர்களைத் தெருத்தெருவாக அமர்த்தியது. தொண்டருக்குச் சிறு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஆகவே அதனை முழுத் தொண்டு என யாம் சொல்லமாட்டோம். எனினும் வீட்டுத் திண்ணையும் பள்ளியாகும் என்பதை அது காட்டிற்று.

இனி எமது ஊருக்கு வருவோம். இன்று சட்டம் வலுவாகவே உள்ளது. 1998 முதல் பதினான்கு வயது வரையும், 2016 முதல் பதினாறு வயது வரையும் கல்வி கட்டாயம். பத்து மணிக் கணக்கு மறைந்துபோயிற்று. ஆனால் விடுமுறையிற் கொழும்புக் கடைக்கு உதவிக்குச் சென்ற பையன், தவணை தொடங்கியும் திரும்பாத கதையைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வர். வீட்டு வேலைக்குச் சென்ற பெண்பிள்ளையின் கதையும் அதுவே. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கு ஓடிய சிறிய புகையிரதம் மறைந்து பல்லாண்டாயிற்று. பஸ் வண்டிகள் அவ்வேலையைக் குறைவறச் செய்கின்றன. பிள்ளை பாடசாலையை விட்டு நழுவுவது தவணை நாளிலன்று, விடுமுறையில். ஆகவேதான் விடுமுறைக் கழகத்தை யாம் விளையாட்டாக எண்ணவில்லை.

கழகத்திலே தேவாரமும் கணக்கும் மட்டும் போதும், பந்தும் பாட்டும் எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. தேவாரம் வேண்டும், மறுப்பவர் யார்? வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் பயின்று, அவர்கள் கைக்கொண்ட முறைகளையே எடுத்து 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாட்டிய நாவலர் பெருமானின் வழியில் வந்தோர் நாம். ஆனால் மூன்று தலைமுறையாகப் பிறர் கணக்குப்படியே நாளைக் கழித்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் விருப்பப்படி ஆடும் இரண்டு மணி நேரம் அற்பமன்று. மேலும், பந்து இருந்தாற் பையன் வருவான். பையன் வந்தால் மறுநாள் வராததும் தெரியும். வரவுப் புத்தகத்தில் ஒரு பெயருக்கு நேரே இரண்டு நாள் வெறுமை கண்டால், அன்று மாலையே அந்த லயத்துக்கு நடந்து சென்று, “தம்பி எங்கே, அம்மா?” என்று கேட்கும் ஒருவர் வேண்டும். பல்கலைக்கழகம் திறந்ததும் நாம் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறிவிடுவோம். அதற்குப் பின்னும் அப்புத்தகத்தைக் கையில் வைத்திருக்கத் தோட்டத்திலேயே வாழும் அக்காமார் இருவரைக் கண்டுபிடிப்பது, அடுத்த ஆகஸ்டுக்கு முன் எமது சங்கத்தார் செய்யவேண்டிய வேலை.